லியன்தா: ஒழுகும் கூரையா மேதைகளை உண்டாக்கியது?

மே 4, மாலை: ஒரு வாசகர் போட்ட பதிவு

சீனாவில் தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. 1938 முதல் 1946 வரை, எட்டே வருடம். மண் சுவர், தகரக் கூரை, கண்ணாடி இல்லாத ஜன்னல். அங்கே படித்த இருவர் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். வசதி குறைந்தால்தான் படிப்பு ஏறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஏசி வகுப்பறை கட்டுபவர்கள் பதில் சொல்லட்டும்.

மே 4, இரவு

வாட்ஸாப்பில் இதே கதை பலமுறை வந்துவிட்டது, படத்தோடு. படம் பெரும்பாலும் வேறு ஏதோ பள்ளிக்கூடத்துடையது.

அது இருந்த குன்மிங் நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் லியன்தா பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். (அந்தக் கூட்டுப் பல்கலைக்கழகத்தை அங்கே எல்லோரும் சுருக்கமாக லியன்தா என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இந்தக் கதையில் கூரை சரி, முடிவு தப்பு. லியன்தா என்பது வெறும் மண்ணிலிருந்து முளைத்த ஒன்று இல்லை. பீக்கிங், சிங்ஹுவா, நான்கை என்று வட சீனாவின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள் அப்படியே பெயர்ந்து வந்து ஒன்றானது. இதில் நான்கை அப்போது தனியார் நிறுவனம். சீனா மீது படையெடுத்த ஜப்பானியர் 1937 ஜூலை கடைசியில் தியான்ஜினில் அதன் வளாகத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். மூன்றும் முதலில் தெற்கே சாங்ஷா நகரத்துக்கு வந்து, நவம்பர் 1 அன்று தற்காலிகப் பல்கலைக்கழகமாக வகுப்பைத் தொடங்கின. டிசம்பரில் அன்றைய தலைநகர் நான்ஜிங் விழுந்தது. சாங்ஷாவும் நிலைக்காது என்று புரிந்து, 1938 தொடக்கத்தில் இன்னும் மேற்கே, யுன்னான் மாகாணத்துக் குன்மிங்குக்கு மூட்டை கட்டினார்கள்.

அதாவது ஆசிரியர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படித்துத் திரும்பியவர்கள். நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளில் தேறி வந்த பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை எந்தக் கூரையின் கீழ் உட்கார வைத்தாலும் ஏதாவது நடந்திருக்கும். கூரையைக் கும்பிடாதீர்கள்.

மே 5, காலை

நேற்று ஒன்று விட்டுப்போனது. சிங்ஹுவாவிடம் பணம் இருந்தது. வெளிநாட்டவருக்கு எதிரான பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா கட்டிய அபராதத்தில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பங்கில் தொடங்கிய இடம் அது. அதைவிட முக்கியம், முன்யோசனை. போர் வருவதற்கு முன்பே, 1935இல் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் புத்தகங்களையும் கருவிகளையும் ரகசியமாகத் தெற்கே ஹான்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1936இலேயே சாங்ஷாவில் கட்டட வேலையையும் தொடங்கிவிட்டார்கள். ஏழ்மையில் பூத்த அதிசயம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெட்டிக் கணக்கைச் சொல்வதே இல்லை.

மே 5, மதியம்

“சாங்ஷாவிலிருந்து குன்மிங்குக்கு எல்லோரும் நடந்தே போனார்களாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பெரும்பாலோர் ரயிலில் குவாங்ஜோ போய், ஹாங்காங்கில் கப்பலேறி, வியட்நாமின் ஹைஃபாங்கில் இறங்கி, பிரெஞ்சுக்காரர் போட்ட மீட்டர் கேஜ் ரயிலில் குன்மிங் வந்தார்கள். இன்னொரு கூட்டம் குயிலின் வழியாகப் பேருந்தில். மருத்துவச் சோதனையில் தேறிய ஆண் மாணவர்கள் ஏறக்குறைய 300 பேரும் 11 ஆசிரியர்களும்தான் நடைப்படையில் சேர்ந்தார்கள். 1938 பிப்ரவரி 20இல் புறப்பட்டு ஏப்ரல் 28இல் குன்மிங் நுழைந்தார்கள். 68 நாள், 1,600 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் படகும் வண்டியும் உண்டு, முழுக்க நடை இல்லை. ஆனாலும் பெரிய நடைதான்.

தலைமைக்கு ஹுவாங் ஷியுவே என்ற ராணுவ ஜெனரல். மாணவர்களுக்குக் காக்கி உடுப்பு, காலில் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை, எண்ணெய்க் காகிதக் குடை. குடையோடு அணிவகுத்துப் போகும் படை வேறெங்காவது உண்டா தெரியவில்லை. கவிஞர் வென் யிதுவோ வழியெல்லாம் பென்சிலால் படம் வரைந்துகொண்டே வந்தார், போர் முடியும்வரை தாடி மழிப்பதில்லை என்று சபதம் வேறு. பின்னாளில் மு தான் என்ற பெயரில் பெரிய கவிஞரான மாணவர் ஒருவர், கையில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்த பக்கத்தைக் கிழித்துப் போட்டபடி நடந்தார் என்பார்கள். லியு ஜாவோஜி என்ற மாணவர் வழியில் கிராமத்து ஜனங்களிடம் 2,000க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களை எழுதி எடுத்தார். எனக்கு இவர்தான் பிடித்தவர்.

மே 5, இரவு

கூரைக்கே வருகிறேன், எப்படியும் எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள்.

வளாகத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் லியாங் சிசெங், லின் ஹுயின் தம்பதி, நாட்டின் மிகச் சிறந்த கட்டடக்கலை வல்லுநர்கள். காசு இல்லை என்று திட்டத்தைத் திரும்பத் திரும்பக் குறைக்கச் சொல்லி, கடைசியில் மண் சுவர்களில் வந்து நின்றது. வகுப்பறைக்குத் தகரக் கூரை, விடுதிக்குப் புல் கூரை. பின்னால் பணமுடை முற்றியபோது பல கூரைகளின் தகரத்தையும் கழற்றி விற்றுவிட்டுப் புல் வேய்ந்தார்கள். ஒரு நீள விடுதி அறையில் 40 பேர்.

பழைய வகுப்பறை ஒன்று இன்றும் யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குள் நிற்கிறது. நான் போன அன்று மழை. உள்ளே நின்று பார்த்தால்தான் தெரிகிறது, அறை நாம் நினைப்பதைவிடச் சின்னது, தகரத்தில் மழை அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் குரலை உயர்த்த வேண்டும். பொருளாதாரப் பேராசிரியர் சென் தாய்சுன் ஒருநாள் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, ‘வகுப்பு நின்றது, மழையை ரசியுங்கள்’ என்று பலகையில் எழுதினார் என்ற கதையை மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

நாற்காலிகளைப் பாருங்கள். வலது கை வைக்கும் பலகை எழுதுவதற்காக முன்பக்கம் அகன்றிருக்கும், பன்றித் தொடை வடிவத்தில். பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஹாம் நாற்காலி’. யுன்னான் மாகாணத்து ஷுவான்வெய் ஊர் உப்புத் தொடைக்கறிக்குப் பேர்போனது, கேலி அதிலிருந்து வந்தது. உமி, மணல், கல், எலிப்புழுக்கை எல்லாம் கலந்த ரேஷன் சோற்றுக்குப் பெயர் ‘எட்டு ரத்தினச் சோறு’, எட்டு வகைச் சேர்மானம் போட்டுச் செய்யும் பண்டிகை இனிப்பின் பெயர் அது. பசியில் இருப்பவனுக்குத்தான் சாப்பாட்டுக் கிண்டல் இப்படி வரும்.

மே 6

யாங் சென் நிங் (அந்த இரண்டு நோபலில் ஒருவர்) ஜன்னல் வழியாக வரும் காற்றில் தாள் பறக்காமல் எதையாவது வைத்து அழுத்திக்கொண்டுதான் படித்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார். சரி. ஆனால் அவர் எதைப் படித்தார்? கோட்பாட்டு இயற்பியல். தாளும் பென்சிலும் போதும்.

லியன்தாவில் பளிச்சென்று நிற்பவை எவை என்று பாருங்கள்: கணிதத்தில் ஹுவா லுவோகெங், சென் ஷிங்ஷென். தர்க்கத்தில் ஜின் யுவேலின். பிறகு வரலாறு, இலக்கியம், கோட்பாட்டு இயற்பியல். ஆய்வகம் தேவைப்பட்டவர்கள் பாடு திண்டாட்டம். வூ தாயூ என்ற இயற்பியலாளர் ஊருக்கு வெளியே ஒரு மண் வீட்டில், உடைந்துபோகாமல் கொண்டுவந்து சேர்த்த முப்பட்டகத்தை மரச்சட்டத்தில் நிறுத்தி, மிகப் பழைய பாணியில் ஒரு நிறமாலைமானி கட்டினார். எதற்கு? ராமன் விளைவை அளக்க! நம் திருச்சிக்காரர் 1928இல் கண்டுபிடித்ததை அளக்கக் குன்மிங் மண் வீட்டில் 12 வருடம் கழித்து ஒருவர் மரச்சட்டத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார். படிக்கும்போது எனக்குப் பெருமையைவிடப் பாவமாகத்தான் இருந்தது. அவ்வளவு திறமைசாலிக்கு ஒழுங்கான கருவி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வறுமையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். இதே வூதான் 1942இல் யாங்குக்கு இளநிலை ஆய்வுக்கு மூலக்கூறு நிறமாலையையும், சமச்சீர்மையை ஆராயும் கணிதமான குலக் கோட்பாட்டையும் கையில் கொடுத்தவர். யாங்கின் சமச்சீர்மை ஆர்வம் அங்கே தொடங்கியது.

மே 6, இன்னொன்று

பேச்சு திசை மாறுகிறது, தெரியும். இன்னொரு நோபல்காரர் லீ சுங் தாவோ. அவர் லியன்தாவுக்கு வந்ததே 1945இல், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து. 1946இல் வூ தாயூவோடு அமெரிக்கா போய்விட்டார், கையில் இளநிலைப் பட்டம்கூட இல்லாமல். சிகாகோ அவரைச் சேர்த்துக்கொண்டது. யாங் அதற்கு முந்தின வருடம் கல்கத்தாவில் கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து போய்ச் சேர்ந்தார். குன்மிங்கிலிருந்து வெளியே போக அப்போது இமயமலைக்கு மேலே பறந்து இந்தியா வருவதுதான் வழி.

சிகாகோவில் இந்த இருவருக்கும் பாடம் நடத்தியவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து பனியில் நூறு மைல் காரோட்டி வந்து இரண்டே மாணவருக்கு வகுப்பெடுத்தார் என்றும், அந்த வகுப்பு முழுவதும் 1957இல் நோபல் வாங்கியது என்றும் ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. வகுப்பில் எத்தனை தலை என்பதை நான் சத்தியம் பண்ண மாட்டேன், சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. ஆனால் ராமனுடைய அண்ணன் மகன்தான் சந்திரசேகர். சித்தப்பாவின் விளைவு குன்மிங்கில் மரச்சட்டத்தில் மாட்டிக்கொண்டது, பிள்ளை சிகாகோவில் அதே ஆட்களைப் பிடித்துக்கொண்டார்.

லீயை லியன்தாவின் சாதனையாகக் காட்டுவது கொஞ்சம் அதிகம் என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதினேன்.

மே 8

“அப்படியானால் காரணம் என்ன, ஆசிரியர்கள் மட்டுமா? வேறு இடத்திலும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்களே” என்று கேட்டிருக்கும் நண்பருக்கு. நல்ல கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்தேன்.

பதில் வடமேற்கில் இருக்கிறது. லியன்தாவுக்கு ஒரு இரட்டை உண்டு, யாரும் பேசுவதில்லை. அதே 1937இல், அதே பெய்பிங்கிலிருந்தும் (இன்றைய பெய்ஜிங்) தியான்ஜினிலிருந்தும் வேறு மூன்று நிறுவனங்கள் (பெய்பிங் பல்கலைக்கழகம், பெய்பிங் ஆசிரியர் பல்கலைக்கழகம், பெய்யாங் பொறியியல் கல்லூரி) சியானுக்கு ஓடித் தற்காலிகப் பல்கலைக்கழகம் தொடங்கின. 1938 வசந்தத்தில் மலை தாண்டி ஹான்ஜோங் பக்கம் போய், வடமேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். அதே போர், அதே ஓட்டம், அதே மண் சுவர். என்ன ஆயிற்று? சில மாதத்திலேயே பொறியியலும் வேளாண்மையும் பிரிக்கப்பட்டன. 1939இல் மிச்சமும் துண்டானது. கல்வி அமைச்சகத்தின் கை அங்கே தாராளமாக விளையாடியது. (அந்தத் துண்டுகளிலிருந்துதான் வடமேற்குச் சீனாவின் கல்லூரிகள் பல வளர்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், அது சின்ன விஷயம் இல்லை.)

குன்மிங்கில் ஏன் பிரியவில்லை? இரண்டு பேர் காரணம் என்பது என் எண்ணம். ஒருவர் மெய் யிச்சி, சிங்ஹுவாவின் தலைவர். மூன்று தலைவர்கள் கொண்ட குழுதான் லியன்தாவை நடத்த வேண்டும், ஆனால் பீக்கிங்கின் ஜியாங் மெங்லினும் நான்கையின் ஜாங் போலிங்கும் பெரும்பாலும் போர்க்காலத் தலைநகர் சோங்சிங்கில் இருந்துகொண்டு அன்றாட நிர்வாகத்தை மெய்யிடம் விட்டுவிட்டார்கள். மெய் அதிகம் பேசாதவர், பேராசிரியர் குழுவைக் கேட்காமல் எதையும் செய்யாதவர். பெரிய பல்கலைக்கழகம் என்றால் பெரிய கட்டடம் இல்லை, பெரிய ஆசான்கள் என்று 1931இல் பதவியேற்றபோதே சொன்னவர். 1940இல் அமைச்சர் சென் லிஃபு நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்று ஆணை போட்டபோது, லியன்தா பேராசிரியர்கள் முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அமைச்சர்கள் மாறுவார்கள், அவர்களுக்கு ஏற்பப் பாடத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

இன்னொருவர் லோங் யுன். யுன்னானின் ஆளுநர், யீ இனத்தவர், தனக்கென்று படை வைத்திருந்த ராணுவப் பிரபு. கல்வியாளர் எல்லாம் இல்லை. மத்திய அரசை நடத்திய சியாங் கை ஷேக்கின் உளவுக்காரர்கள் தன் மாகாணத்தில் ஆட்டம் போடுவது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்தப் பிடிக்காமையின் நிழலில் லியன்தா வாழ்ந்தது.

மே 8, சற்று நேரம் கழித்து

லோங் யுன் பற்றிச் சொன்னதை மேலே ஒருவர் ‘ஊகம்’ என்கிறார். தேதிகளைப் பாருங்கள். 1945 அக்டோபர் தொடக்கத்தில் சியாங் படையை அனுப்பி லோங் யுன்னைப் பதவியிலிருந்து இறக்கினார். நவம்பர் கடைசியில் உள்நாட்டுப் போருக்கு எதிராக மாணவர்கள் கூட்டம் போட்டபோது சுற்றி நின்று துப்பாக்கி சுட்டார்கள். டிசம்பர் 1 அன்று ஆட்கள் உள்ளே புகுந்து கையெறி குண்டு வீசியதில் நான்கு பேர் செத்தார்கள். இன்று அந்தச் சாலைக்கே 12-1 என்றுதான் பெயர், பேருந்தில் தினமும் அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறேன், என்ன தேதி என்று ரொம்ப நாள் கேட்டுக்கொள்ளாமலே. பிறகு 1946 ஜூலை 11இல் ஜனநாயகத்துக்காகப் பேசிவந்த லி கோங்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 15இல் அவருக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பிய வென் யிதுவோவையும் (நடந்தே வந்த அந்தத் தாடிக்காரர்தான்) வீட்டு வாசலருகே சுட்டார்கள்.

எட்டு வருடம் கூரை அதேதான். காவலுக்கு இருந்தவர் போனதும் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

மே 9

விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுக்கிறேன். நெருக்கடி ஒன்றுமே தரவில்லை என்றால் அதுவும் சரியில்லை.

நூலகத்தில் இடமும் விளக்கும் போதாது என்பதால் பிள்ளைகள் தேநீர்க் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள், ஒரு கோப்பைக்கு நாள் முழுக்க. வாதம், காதல், தேர்வுப் படிப்பு எல்லாம் அங்கேயே. விமான எச்சரிக்கை வந்தால் பேராசிரியரும் மாணவரும் ஒரே மேட்டுக்கு ஓட வேண்டும். ஜின் யுவேலின் பெரிய கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பாம்புக்குன்றுக்கு ஓடி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எச்சரிக்கை நீங்கியதும் மறந்து எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. முழுவதையும் மறுபடி எழுதினார். ஹுவா லுவோகெங் குடும்பத்துக்குக் குண்டுவீச்சில் வீடு போனபோது வென் யிதுவோ தன் வீட்டில் இடம் கொடுத்து, நடுவில் ஒரு துணித் திரையைக் கட்டினார். ஒரு பக்கம் கணிதம், மறுபக்கம் பழஞ்சீனத் தொன்ம ஆராய்ச்சி.

இந்த நெருக்கம் வசதியான வளாகத்தில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பணவீக்கத்தில் பேராசிரியர் சம்பளம் 1943 வாக்கில் போருக்கு முந்தைய மதிப்பில் 10 யுவானுக்கும் கீழே போய்விட்டது. முன்பு மாதம் 300, 400 வாங்கியவர்கள். வென் யிதுவோ முத்திரை செதுக்கி விற்றார். வூ தாயூ சந்தையில் மாட்டெலும்பு பொறுக்கி நோயாளி மனைவிக்குச் சூப் வைத்தார். மெய் யிச்சியின் மனைவி ஹான் யோங்ஹுவா அரிசிமாவுப் பணியாரம் செய்து கூடையில் எடுத்துப்போய்க் கடைக்குப் போட்டார், தான் யாருடைய மனைவி என்று சொல்லாமல். பல்கலைக்கழகத் தலைவரின் வீடு இது. இதைப் ‘படிப்புக்கு நல்லது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மே 11

“இவ்வளவு பேரும் பிறகு என்ன ஆனார்கள்?”

1946 மே 4 அன்று கலைப்பு விழா நடத்தி ஒரு நினைவுக்கல் நட்டார்கள். வாசகம் ஃபெங் யூலான் எழுதியது, கல்லின் பின்பக்கம் படையில் சேர்ந்த 834 மாணவர் பெயர்கள். மொத்தம் ஏறக்குறைய 8,000 பேர் சேர்ந்த இடத்தில் பட்டம் பெற்றவர் 4,000க்கும் குறைவு, பலர் நடுவிலேயே போருக்கோ வேலைக்கோ போய்விட்டார்கள். மூன்று பல்கலைக்கழகங்களும் வடக்கே திரும்பின. ஆசிரியர் கல்லூரி மட்டும் குன்மிங்கிலேயே தங்கியது, இன்றைய யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகம் அதுதான்.

தெங் ஜியாசியானும் ஜு குவாங்யாவும் சீனாவின் அணுகுண்டைச் செய்தார்கள். மெய் யிச்சி தைவான் போய் 1956இல் அங்கே இன்னொரு சிங்ஹுவா தொடங்கினார். நடைப்படையில் வந்த வேதியியலாளர் செங் ஜாவோலுன் 1957இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு 1967இல் இறந்தார். அகராதியைக் கிழித்த மு தான் 1942இல் பர்மாப் போரில் மொழிபெயர்ப்பாளராக இருந்ததற்காகவே பின்னாளில் குற்றவாளி ஆக்கப்பட்டார். அவர் இறந்த வருடம் 1977. 1952இல் சிங்ஹுவாவின் கலை, அறிவியல் துறைகளையே பிடுங்கி வேறு இடங்களுக்குக் கொடுத்து அதைப் பொறியியல் கல்லூரி ஆக்கினார்கள். போரில் காப்பாற்றிக் கொண்டுவந்த கூட்டைச் சமாதான காலத்தில் ஒரே ஆணையில் கலைத்தாயிற்று. ஏசி கேள்வி கேட்ட நண்பர் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கட்டும்.

மே 12

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: குன்மிங்கோடு நிறுத்தாதீர்கள், அதே மாகாணத்து மெங்ஸியும் போங்கள். இடம் போதாமல் கலை, சட்டப் பிரிவுகள் 1938இல் ஒரு பருவம் அங்கே, பழைய சுங்க அலுவலகத்தில்தான் நடந்தன. ஏரிக்கரையில் கிரேக்க வியாபாரி ஒருவரின் கடைவீட்டு மாடியில் வென் யிதுவோ தங்கியிருந்தார். படிப்பில் மூழ்கிச் சாப்பாட்டுக்குத் தவிர இறங்கவே மாட்டார் என்பதால் சக பேராசிரியர்கள் அவருக்கு ‘கொஞ்சம் கீழே இறங்கினால்தான் என்ன ஐயா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ‘பாலம் தாண்டும் நூடுல்ஸ்’ பிறந்த ஊரும் அதுதான். கொதிக்கும் சூப்பின் மேல் எண்ணெய் படலம் மூடியிருப்பதால் ஆவியே வராது, ஆறிவிட்டது என்று நினைத்து முதல் வாய் வைத்துவிடாதீர்கள்.